மூன்று யோசேப்புகள்: ஓர் அகதிச் சிறுவன் மக்கள் பிரதிநிதியான கதை



விவிலியத்தில் நமக்கு நன்கு அறிமுகமான யோசேப்புகள் இருவர். இருவருமே பிறந்த மண்ணை விட்டு அந்நிய மண்ணுக்குப் போக நேர்ந்தவர்கள். தொடக்க நூலில் வரும் யோசேப்பு, உடன்பிறந்தோராலேயே விற்கப்பட்டு எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். அடிமையாகவும் கைதியாகவும் காலம் தள்ளிய அவர், பின்னாளில் அந்நாட்டின் ஆளுநரானார். ஏழாண்டுப் பஞ்சத்தில் எகிப்து மக்களுக்கும், தன்னை விற்ற சகோதரர்களுக்கும் சோறு போட்டவர் அவர்தான். இரண்டாம் யோசேப்பு, சூசையப்பர் என்றும் வளனார் என்றும் நாம் அன்போடு அழைக்கும் நாசரேத்துத் தச்சர். ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகப் பாலன் இயேசுவையும் அன்னை மரியாவையும் அழைத்துக்கொண்டு அதே எகிப்துக்கு ஓடியவர்.

இன்று நாம் சிந்திக்க இருப்பது மூன்றாவது யோசேப்பைப் பற்றி. இவர் நம் காலத்தவர். பெயர் ஆன் குவாங் ஜோசப் காவ். வியட்நாமின் சைகோன் நகரில் 1967ஆம் ஆண்டு பிறந்தவர். எட்டு வயதில் அகதியாக அமெரிக்க மண்ணை மிதித்தவர். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அச்சபையில் அமர்ந்த முதல் வியட்நாமிய அமெரிக்கர் என்ற பெயரைப் பெற்றவர். இயேசு சபையில் சில ஆண்டுகள் பயிற்சி பெற்ற கத்தோலிக்கர்.

சைகோன் வீழ்ந்து 2025 ஏப்ரல் 30 அன்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அந்த ஐம்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, "கடுமையாக உழைத்தார், உயர்ந்தார்" என்ற ஒரே வரியில் இவருடைய கதையை முடித்துவிடத் தோன்றும். ஆனால் கதை அவ்வளவுதானா? ஓர் அகதிச் சிறுவன் தலைவனாவதற்கு அவனுடைய உழைப்பு மட்டும் போதுமா? அவனுக்குக் கதவு திறந்தவர்கள் யார்? இன்று அந்தக் கதவின் நிலை என்ன? இந்தக் கேள்விகளோடு அவருடைய வாழ்வைப் பார்ப்போம்.

எட்டு வயதில் ஒரு பயணம்

காவின் தந்தை தென் வியட்நாம் இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். போரின் முடிவில் அவர் கைது செய்யப்பட்டு, 'மறுகல்வி முகாம்' என்று சொல்லப்பட்ட சிறை முகாமில் ஏழு ஆண்டுகள் அடைக்கப்பட்டார். 1975இல் சைகோன் விழுந்துகொண்டிருந்த நாட்களில், சிறுவன் காவ் உடன்பிறந்தோர் இருவருடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். தாய் மற்ற பிள்ளைகளோடு வியட்நாமிலேயே தங்கிவிட்டார். ஒரு தாய் தன் பிள்ளைகளில் சிலரை அனுப்பிவிட்டுச் சிலரோடு தங்குவது என்றால், அந்த முடிவை எடுத்த இரவு எப்படி இருந்திருக்கும்? போரின் நெருக்கடியை அறிந்த தாய்மார்களுக்கு அது விளங்கும்.

ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பிள்ளை, முதலில் இந்தியானா மாநிலத்தில் உறவினர் வீட்டிலும், பின்னர் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் பகுதியிலும் வளர்ந்தான். பேய்லர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1990இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இயேசு சபையில் சேர்ந்தார். குருத்துவப் பயிற்சியின்போது நியூயார்க்கின் ஃபோர்தம் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள இயேசு சபையினரின் லொயோலா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

1996இல் அவர் சபையிலிருந்து விலகினார். குருத்துவப் பாதையில் தொடங்கி பொதுநிலையினராக வாழ்வோரை நம் ஊர்களில் சில வேளைகளில் ஒரு மாதிரியாகப் பார்ப்பதுண்டு. ஆனால் காவ் அந்தப் பாதையில் கற்ற பாடத்தை விட்டுவிடவில்லை. லொயோலாவிலேயே சட்டம் பயின்று 2000ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். படகில் தப்பி வந்த வியட்நாமிய மக்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றில் சட்டப் பணி செய்தார். குடியேறியோரின் வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞரானார். அகதியாக வந்தவர் அகதிகளுக்காக வாதாடும் இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

கதவைத் திறந்தவர்கள்

இங்கே கொஞ்சம் நின்று பின்னோக்கிப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கள் எல்லாரும் வியட்நாமிய அகதிகளைக் கைநீட்டி வரவேற்றார்கள் என்று நினைத்தால் அது தவறு. அவ்வாண்டு மே மாதத்தில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 54 விழுக்காட்டினர் அகதிகள் வருவதை எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. வேலை போய்விடும், நோய் வரும், பண்பாடு கெடும் என்று இன்று கேட்கிற அதே பேச்சுகளை அன்றும் பேசினார்கள்.

ஆயினும் அன்றைய குடியரசுத்தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு பெரும்பான்மைக் கருத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அகதிகளுக்கு உதவும் சட்டம் அதே மே மாதத்தில் நிறைவேறியது. அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். 1977இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், இவர்கள் நிரந்தரமாகத் தங்கி, பின்னர் குடிமக்களாவதற்கு வழி செய்தது.

சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே வந்தவருக்குப் பாய் விரிக்க யாராவது வேண்டுமே! அந்தப் பணியில் பெரும் பங்கை ஏற்றவை கிறிஸ்தவத் திருச்சபைகள், குறிப்பாகக் கத்தோலிக்கத் திருச்சபை. நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தில் அப்போது பேராயராக இருந்தவர் பிலிப் ஹானன். இரண்டாம் உலகப் போரில் இராணுவ ஆன்மிகக் குருவாகப் பணியாற்றிப் போரின் கொடுமையைக் கண்ணால் கண்டவர் அவர். முகாம்களில் தவித்த வியட்நாமிய அகதிகளைத் தம் உயர்மறைமாவட்டத்துக்கு வரும்படி அவர் அழைத்தார். கத்தோலிக்கப் பிறரன்பு அமைப்பின் வழியாக நகரின் கிழக்கு ஓரத்தில், 'வெர்சாய்' என்ற பெயருடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்யப்பட்டது.

அங்கு வந்து குடியேறியவர்களுள் பலர் வட வியட்நாமின் புய் சூ, ஃபாட் தியெம் மறைமாவட்டங்களைச் சேர்ந்த குடும்பத்தினர். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, கம்யூனிச ஆட்சிக்கு அஞ்சி ஊர் ஊராகத் தங்கள் பங்குக்குருக்களோடு தெற்கே சென்றவர்கள். 1975இல் இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள். இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்ட இந்த மக்கள், நியூ ஆர்லியன்ஸின் சேற்று மண்ணில் கீரை விதைத்தார்கள், இறால் பிடிக்கப் போனார்கள், செபமாலை சொன்னார்கள். வியட்நாமின் அரசியாம் மரியா பங்கு அப்படித்தான் உருவாயிற்று.

பங்கே பள்ளிக்கூடம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியது. கரைகள் உடைந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பகுதி தண்ணீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். காவின் வீடும் வெள்ளத்தில் பாழானது. வெர்சாய் மக்கள் மூன்றாம் முறையாக அகதிகளானார்கள்.

இங்கேதான் அந்தப் பங்குச் சமூகத்தின் பலம் வெளிப்பட்டது. சிதறிப்போன மக்கள் தங்கியிருந்த இடங்களுக்கெல்லாம் பங்குத்தந்தை வியன் நுயென் தேடிப்போனார். ஊர் திரும்பும் எண்ணத்தை அவர்களிடம் வளர்த்தார். அக்டோபர் மாதத்திலேயே, மின்சாரம் இல்லாத ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. மக்கள் திரும்பாத பகுதிக்கு மின்சாரம் கொடுக்க முடியாது என்றது மின் நிறுவனம். திருப்பலியில் கூடிய மக்களின் புகைப்படங்களையும், கையொப்பமிட்ட விண்ணப்பங்களையும் கொண்டுபோய் நிறுவனத்தார்முன் வைத்தார் பங்குத்தந்தை. நவம்பரில் விளக்கு எரிந்தது. திருப்பலிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையே அந்த ஊர் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சியானது.

அடுத்த சோதனை 2006இல் வந்தது. புயலில் இடிந்த வீடுகளின் குப்பைகளைக் கொட்ட, இவர்கள் குடியிருப்புக்கு அருகே ஷெஃப் மாந்தோர் சாலையில் பெரும் குப்பைக்கிடங்கு ஒன்றைத் திறக்க நகர மேயர் ரே நேகின் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆணை பிறப்பித்தார். வழக்கமான பாதுகாப்பு விதிகள் தளர்த்தப்பட்டன. பக்கத்திலேயே தேசிய வனவிலங்குப் புகலிடம். முதியவர்கள் கீரை பயிரிட்ட தோட்டங்களுக்குப் பாயும் நீரில் நச்சு கலக்குமோ என்று மக்கள் அஞ்சினார்கள்.

அதுவரை அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத மக்கள் அவர்கள். "நாம் வந்தேறிகள், வாயை மூடிக்கொண்டு பிழைப்பைப் பார்ப்போம்" என்பதே பெரியவர்களின் எண்ணமாக இருந்தது. இப்போது தாத்தாக்களும் பாட்டிகளும் பதாகை ஏந்தி நகரமன்றத்துக்கு வந்தார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் அவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பின மக்களும் இவர்களோடு சேர்ந்து நின்றார்கள். அருகருகே வாழ்ந்தும் அதிகம் பேசிக்கொள்ளாதிருந்த இரு சமூகங்களை ஒரு குப்பைமேடு ஒன்றாக்கியது. ஆகஸ்ட் 2006இல் அந்த ஆணை காலாவதியானபோது மேயர் அதைப் புதுப்பிக்கவில்லை. கிடங்கு மூடப்பட்டது.

அந்தப் போராட்டத்தில் தம் மக்களுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர்தான் வழக்கறிஞர் ஜோசப் காவ். நம் ஓட்டு எங்கே போயிற்று, நமக்காகப் பேச மன்றத்தில் யார் இருக்கிறார் என்ற கேள்வி அந்த மக்களிடையே எழுந்தது. தலைமை என்பது ஒரு நாள் காலையில் ஒருவரின் தலையில் வந்து இறங்கும் மகுடமல்ல. அது பங்குப்பேரவைக் கூட்டத்திலும், இளைஞர் குழுவிலும், மழையில் நனைந்த பதாகையின் அடியிலும் மெல்ல மெல்லப் பழகுவது.

எதிர்பாராத வெற்றி

காவ் முதலில் தோற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 2007இல் லூசியானா மாநிலச் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போட்டியிட்டு, வெற்றிக்கு வெகு தொலைவில் நின்றார். அடுத்த ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளராக அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போட்டியிட்டார். அந்தத் தொகுதியின் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை அது. அவரை எதிர்த்து நின்ற வில்லியம் ஜெஃபர்சன் பல ஆண்டுகள் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர்.

வெற்றிக்குச் சூழ்நிலையும் கைகொடுத்தது. ஜெஃபர்சன்மீது 2007இல் இலஞ்சக் குற்றச்சாட்டு பதிவாகியிருந்தது. அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் 90 ஆயிரம் டாலர் பணம் கண்டெடுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. குஸ்டாவ் புயலால் தேர்தல் தள்ளிப்போய் டிசம்பர் 6 அன்று நடந்ததால் வாக்களிக்க வந்தோரும் குறைவு. சுமார் 49.5 விழுக்காட்டு வாக்குகளோடு காவ் வென்றார். ஜெஃபர்சன் பெற்றது சுமார் 46.8 விழுக்காடு. பராக் ஒபாமா குடியரசுத்தலைவராக வென்ற ஒரு மாதத்தில் நடந்த இந்த முடிவைக் கண்டு, தோல்வியில் துவண்டிருந்த குடியரசுக் கட்சித் தலைவர்கள் காவையே தங்கள் எதிர்காலம் என்று கொண்டாடினார்கள்.

மனச்சான்றின் விலை

அந்தக் கொண்டாட்டம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2009 நவம்பர் 7 அன்று, ஏழைகளுக்கும் காப்பீடு இல்லாதோருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் மசோதா பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. காவின் தொகுதியில் ஏழைகள் அதிகம். புயலுக்குப் பின் மருத்துவ வசதி இன்றித் தவித்தவர்கள் அவர்கள். ஆனால் அரசுப் பணம் கருக்கலைப்புக்குச் செலவாகக்கூடாது என்பதில் காவ் உறுதியாக இருந்தார். அமெரிக்க ஆயர்களும் அதையே வலியுறுத்தினார்கள். அந்தத் தடையை உறுதிசெய்யும் திருத்தம் அன்று நிறைவேறியது. அதன்பின் காவ் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். 220க்கு 215 என்ற கணக்கில் மசோதா வென்றது. அவருடைய கட்சியிலிருந்து ஆதரித்தவர் அவர் ஒருவரே.

2010 மார்ச் 21 அன்று இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்பு சேர்த்த திருத்தம் அதில் இல்லை. காவ் எதிர்த்து வாக்களித்தார். கத்தோலிக்கர்களிடையேகூட அப்போது ஒருமித்த கருத்து இல்லை. ஆயர் பேரவை எதிர்த்தது. கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஆதரித்தது. எனவே காவ் செய்ததுதான் ஒரே சரியான வழி என்று நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. அவருடைய இரண்டு வாக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் வாக்கு அவரது கட்சிக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாக்கு அவரது தொகுதியின் பெரும்பான்மைக் கட்சிக்குப் பிடிக்கவில்லை. கருவிலிருக்கும் உயிரையும் மருந்துக்கு வழியில்லாத ஏழையையும் ஒரே பார்வையில் பார்க்க முயன்ற ஒருவருக்கு, இரண்டு பக்கமும் இடம் இல்லாமல் போயிற்று.

2010 நவம்பர் தேர்தலில் அவர் பெரும் வாக்கு வேறுபாட்டில் தோற்றார். 2016இல் மேலவைக்குப் போட்டியிட்டபோதும் வெல்லவில்லை. உலகக் கணக்கில் பார்த்தால் இரண்டே ஆண்டுப் பதவி. ஆனால் வெர்சாய் மக்களின் கதை அவரோடு முடியவில்லை. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டு மீனவர்கள் தொழிலிழந்தபோது, பங்கின் வளர்ச்சிக் கழகம் அவர்களுக்காகக் காய்கறிக் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்க உதவியது. 2017இல் நியூ ஆர்லியன்ஸ் நகரமன்றத்துக்கு முதல் வியட்நாமிய அமெரிக்கராக சிண்டி நுயென் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழந்தையாக இருந்தபோது கடலில் அமெரிக்கக் கடற்படையால் மீட்கப்பட்ட ஸ்டெஃபனி மர்ஃபி, ஃபுளோரிடாவிலிருந்து நாடாளுமன்றம் சென்று 2017 முதல் 2023 வரை பணியாற்றினார். 2024இல் வியட்நாமிய அகதிப் பெற்றோரின் மகனான டெரெக் டிரான் கலிஃபோர்னியாவில் வென்றார். கட்சிகள் வேறு, கருத்துகள் வேறு. ஆனால் திறந்து வைத்த கதவின் வழியாக ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

யோசேப்பை அறியாத மன்னன்

விடுதலைப்பயண நூலின் முதல் அதிகாரத்தில் ஒரு குறிப்பு உண்டு. யோசேப்பை அறியாத ஒரு புதிய மன்னன் எகிப்தில் எழுந்தான் என்றும், எபிரேயரின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சி அவர்களை ஒடுக்கினான் என்றும் அங்கே வாசிக்கிறோம். பஞ்சத்தில் தன் நாட்டைக் காத்தவர் யார் என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. வரலாற்றை மறந்த அச்சம்தான் கொடுமையாக மாறுகிறது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு அகதிகள் வரவேற்புத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அரசோடு இணைந்து அரை நூற்றாண்டாகச் செய்துவந்த அகதிகள் மறுவாழ்வுப் பணியின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அமெரிக்க ஆயர் பேரவை வருத்தத்தோடு அறிவித்தது. ஒரு காலத்தில் வியட்நாமியருக்கு வீடு தேடிக் கொடுத்த பணி அது. முந்தைய ஆண்டுக்கு 1 இலட்சத்து 25 ஆயிரமாக இருந்த அகதிகள் வருகைக்கான உச்சவரம்பு, 2026ஆம் நிதியாண்டுக்கு 7,500 ஆகச் சுருங்கியது. 2025 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், கண்மூடித்தனமான ஒட்டுமொத்த நாடு கடத்தலை எதிர்த்துச் சிறப்புச் செய்தி ஒன்றை வெளியிட்டார்கள்.

2025 மே மாதம் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, அரசுத் தூதர்களைச் சந்தித்தபோது, தாமும் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல் என்பதையும், பின்னர் தாமே வேறு நாட்டுக்குச் சென்று வாழ்ந்தவர் என்பதையும் நினைவுபடுத்தினார். அவருடைய தாய்வழி முன்னோர் வாழ்ந்த நகரம் எது தெரியுமா? ஜோசப் காவின் அதே நியூ ஆர்லியன்ஸ்.

நம் வாசலில்

அமெரிக்காவைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்தக் கதைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. வியட்நாமிய மக்கள் படகுகளில் ஏறிக் கடலில் மாண்டுபோவதைக் கண்டு மனம் பொறுக்காமல்தான், இயேசு சபைத் தலைவர் அருட்தந்தை பேத்ரோ அருப்பே 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அதே பணிக்குழுதான் தமிழகத்தின் ஈழத் தமிழர் முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்திவருகிறது.

1983 முதல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான ஈழத் தமிழர்கள் தமிழகத்துக்கு வந்தார்கள். பலர் திரும்பிச் சென்றார்கள். 2021இல் தமிழக அரசு அறிவித்த கணக்குப்படி 58 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 108 முகாம்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவ்வாண்டு அரசு அம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் உதவித்தொகை உயர்வும் அறிவிக்கப்பட்டன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் குடியுரிமை?

ஓர் ஒப்பீட்டை எண்ணிப் பாருங்கள். 1975இல் எட்டு வயதில் அமெரிக்கா போன காவ், 41ஆம் வயதில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1990இல் எட்டு வயதில் இராமேஸ்வரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்த ஒரு பிள்ளைக்கு இன்று வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நம் மொழியே அவர் தாய்மொழி. நம் பள்ளிகளில் படித்திருப்பார். நம் கல்லூரியில் பட்டமும் பெற்றிருக்கலாம். ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. அரசு வேலை இல்லை. அவருக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், பெற்றோர் இருவரும் முகாமைச் சேர்ந்தவர்களாக இருந்தால், குடிமக்கள் அல்லர். 1987 ஜூலை 1க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பு மட்டுமே குடியுரிமை தராது என்கிறது சட்டம். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தபோது இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1987க்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று உரிமையை நிலைநாட்டி 2024 தேர்தலில் வாக்களித்தார். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது அச்சத்தைப் போக்கும், ஆனால் குடியுரிமை தராது. தலைமைப் பண்புக்கும் இம்மக்களிடம் குறைவில்லை. 1984இல் சந்திரகாசன் அவர்களின் முயற்சியில் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்குச் சான்று. முகாமில் பிறந்தவர்களே முகாமில் ஆசிரியராக, தன்னார்வலராக நின்று தம் மக்களைத் தாங்கியிருக்கிறார்கள். விதை நல்ல விதைதான். ஊன்றுவதற்கு உரிமையுள்ள மண்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நம் சிந்தனைக்கு

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், குடிபெயர்ந்தோர் விடயத்தில் நாம் செய்யவேண்டியவற்றை நான்கு சொற்களில் வகுத்துத் தந்தார்: வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒன்றிணைத்தல். நாம் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முகாமுக்குச் சென்று கேக்கும் புடவையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அது நல்ல செயல்தான். ஆனால் நியூ ஆர்லியன்ஸில் பேராயர் ஹானன் பொட்டலம் மட்டும் கொடுத்திருந்தால், அங்கே ஒரு பங்கு பிறந்திருக்காது. நகரமன்றத்தின் முன் பதாகை எழுந்திருக்காது. ஜோசப் காவைப் போன்ற ஒருவர் தம் மக்களோடு நின்று தலைவராகியிருக்கவும் மாட்டார்.

எனவே சில கேள்விகளை நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் எழுப்பிப் பார்க்கலாம். நம் பங்கின் எல்லைக்குள் அல்லது அருகில் மறுவாழ்வு முகாம் இருக்கிறதா? அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் பெயர் நம் பங்குப் பதிவேட்டில் இருக்கிறதா? அவர்களில் ஒருவராவது நம் பங்குப்பேரவையில் உறுப்பினராக இருக்கிறாரா? அரசு கொடுக்காத வாக்குரிமையை நம் பங்கிலாவது நாம் கொடுத்திருக்கிறோமா? பட்டம் பெற்ற முகாம் இளைஞருக்கு நம் பள்ளியிலோ நிறுவனத்திலோ வேலை கொடுக்க முன்வருகிறோமா? வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், "இவர்களுடைய குடியுரிமைக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊரில் கட்டட வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மில் யார் வணக்கம் சொல்கிறோம்?

யோசேப்பைச் சிறையிலேயே மறந்துவிட்டிருந்தால், பஞ்சத்தில் பட்டினி கிடந்திருப்பது யோசேப்பு மட்டுமல்ல, எகிப்து முழுவதும்தான். நம் முகாம்களில் நாம் மறந்துவைத்திருப்பவர்களுள் நாளைய மருத்துவர் யார், வழக்கறிஞர் யார், மக்கள் பிரதிநிதி யார் என்பது இறைவனுக்கே தெரியும்.

எகிப்தில் அகதியாக வாழ்ந்த திருக்குடும்பமே, கதவு தட்டும் ஓசை எங்கள் காதில் விழச் செய்யும். தட்டுபவருக்குக் கதவைத் திறப்பதோடு நின்றுவிடாமல், அவரை எங்களோடு சரிசமமாக அமர வைக்கும் மனத்தையும் எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.